ஓபியாய்டு சிகிச்சைக்கு வரும் ஹிஸ்பானிக் நோயாளிகள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள்: எங்கே தவறுகிறோம்?

கேள்வி
பதிவிட்டவர்: அதிகாலைச்சன்னல்

வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைமருந்துப் பழக்கத்துக்கு, அவதியை அடக்கும் மாற்று மருந்துகளான மெத்தடோனும் புப்ரெனோர்பினும் வழங்கும் ஒரு சிகிச்சை மையத்தில் செவிலியாக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள்; பெரும்பாலும் புவேர்ட்டோ ரிகோவையும் டொமினிக்கன் குடியரசையும் பூர்விகமாகக் கொண்டவர்கள். சேருவதற்கு அவர்கள் பிறரைவிட அதிகம் தயங்குவதாகத் தெரியவில்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். இடைவெளியில்லாமல் 180 நாள் மருந்தில் இருப்பதையே இத்துறையில் தரத்தின் அளவுகோலாகக் கொள்கிறார்கள். எங்கள் ஹிஸ்பானிக் நோயாளிகள் அந்த நாளைத் தொடுவது அரிதாக இருக்கிறது.

ஒரு நிகழ்வைச் சொன்னால் என் குழப்பம் புரியும். கூரை வேலை செய்யும் ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். காலை ஐந்தரைக்கு மருந்து கொடுக்கும் சன்னல் திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பார். பதினெட்டு நாள் தவறாமல் வந்தார். பத்தொன்பதாம் நாள் மருந்தை விழுங்கி, காகிதக் குவளையில் ஒட்டியிருந்ததையும் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, சன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படிச் செய்ததில்லை. அது விடைபெறுதல் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, தெருவில் மயங்கிக் கிடந்தவரை, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் மருந்து கொடுத்து எழுப்பி, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டும் எங்களிடம் அனுப்பினார்கள்.

இதற்கெல்லாம் நிர்வாகம் கண்டறிந்த காரணம் ‘கலாசாரம்’. ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். குடும்பப் பற்று, ஆண்மைச் செருக்கு, விதியை நம்புதல் என்று திரையில் வரிசையாகச் சொற்கள் வந்தன. மறுநாள் காலை சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது அவற்றில் ஒன்றாலும் எனக்குப் பயனில்லை. இவர்கள் சிகிச்சையில் நீடிப்பதற்கு நடைமுறையில் எதை மாற்ற வேண்டும் என்று, இதே துறையில் இருப்பவர்கள் சொல்ல இயலுமா?


மறுமொழி 1
பதிவிட்டவர்: இருமொழியாளர்

பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் ஸ்பானிய உரைபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது அடிமைமீட்பு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். கலாசாரம் என்ற பெரிய சொல்லுக்குப் போகுமுன் சிறிய சொற்களைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் மையம் தொலைபேசிவழி உரைபெயர்ப்பைத்தான் பயன்படுத்துகிறது என்று ஊகிக்கிறேன். மறுமுனையில் இருப்பவர் நல்ல ஸ்பானிய மொழி அறிந்தவராக இருப்பார். ஆனால் அவர் அறிந்தது எந்த நாட்டு ஸ்பானியம், எந்தத் தெருவின் ஸ்பானியம் என்பது வேறு கேள்வி. ‘கூரா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் அதற்குக் குணமாக்குதல் என்று பொருள். புவேர்ட்டோ ரிகோவில் ஹெராயின் பழகியவர்களின் வழக்கிலோ, உடல் அவதியை அடக்குவதற்காக ஏற்றிக்கொள்ளும் ஒரு வேளைப் போதைமருந்துதான் ‘கூரா’. மருந்து இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் வலியையும் மெக்சிகோவைச் சேர்ந்தவர்கள் ‘மலீயா’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டறியாத உரைபெயர்ப்பாளர் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். பெயர்த்தவரும் பிழை செய்ததாக உணரமாட்டார், கேட்டவரும் உணரமாட்டார். நோயாளி மட்டும், தான் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை என்பதை உணர்ந்துகொள்வார்.

முதல் இரண்டு வாரத்தில் இது உயிர் தொடர்பான விஷயமாகிறது. மெத்தடோன் உடலில் மெதுவாகச் சேரும் மருந்து. ஓர் அளவின் முழு விளைவு தெரிவதற்கு ஐந்து நாள்போல ஆகும். அதனால்தான் படிப்படியாக ஏற்றுகிறோம், அதுவரை மாலைநேரங்களில் அவதி இருக்கத்தான் செய்யும். இதைத் தம் மொழியில் விளங்கிக்கொண்டவர் பொறுத்திருப்பார். விளங்காதவர், மருந்து தமக்கு ஒத்துவரவில்லை என்ற முடிவுக்கு வருவார். கூடவே, மெத்தடோன் எலும்பைத் தின்றுவிடும் என்ற பழைய பேச்சும் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். அளவு போதாததால் எலும்புக்குள் வலிக்கும். அந்த வலியையே அந்தப் பேச்சுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்.

பெரியவர்களோடு வரும் பிள்ளைகளை உரைபெயர்க்கச் சொல்லும் வழக்கம் உங்கள் மையத்தில் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். அவசர நிலை தவிர வேறெப்போதும் சிறார்களை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று, 2010-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு தொடர்பான விதிகளே தடுக்கின்றன. சட்டம் இருக்கட்டும், தாம் எத்தனை முறை ஊசி போட்டுக்கொண்டோம் என்பதைப் பன்னிரண்டு வயது மகளின் வாயால் சொல்லவைக்கப்பட்ட தகப்பன் அடுத்த முறை எப்படி வருவார்?

தமிழர்களான நமக்கு எளிதில் பிடிபடக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். நமக்கு நீ, நீங்கள் போல அவர்களுக்குத் ‘தூ’, ‘உஸ்தெத்’. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லாததால், ஆங்கிலம் வழியே ஸ்பானியம் கற்ற ஊழியர்கள் அறுபது வயதுக்காரரையும் ‘தூ’ என்று ஒருமையில் அழைத்துவிடுகிறார்கள். கரீபியத் தீவினர் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தமாட்டார்கள்; மத்திய அமெரிக்காவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தவர்களில் பலர் பொருட்படுத்துவார்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் குப்பியை நீட்டும் இடத்தில் ஒருமையில் அழைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி. உங்கள் கூரை வேலைக்காரர் ஏன் போனார் என்று எவராவது அவரிடம் கேட்டீர்களா?


மறுமொழி 2
பதிவிட்டவர்: மேசாமருத்துவர்

மேலே எழுதியவர் சொன்னவை உண்மை. ஆனாலும் எல்லாம் மொழியில்தான் இருக்கிறது என்று கொண்டுவிடக் கூடாது. நான் வடக்கு நியூ மெக்சிகோவில் மருத்துவராக இருக்கிறேன். இங்குள்ள எஸ்பன்யோலா பள்ளத்தாக்கின் ஹிஸ்பானிக் குடும்பங்களில் பல, அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று ஒன்று உருவாகும் முன்பே இந்த மண்ணில் குடியிருந்தவை. ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள், குடியேறிகளும் அல்லர். ஆனால் ரியோ அர்ரிபா மாவட்டம் பல பத்தாண்டுகளாக நாட்டிலேயே மிக அதிகமான அளவுமீறிய போதை மரணங்களைக் கண்ட பகுதிகளுள் ஒன்று. பாட்டி, மகன், பேத்தி என மூன்று தலைமுறையும் ஹெராயின் பழகிய வீடுகள் உண்டு. மொழி ஒன்றே தடையென்றால் இவர்களெல்லாம் சிகிச்சையில் தங்கியிருக்க வேண்டும்.

எனவே உங்கள் மையத்திலேயே மூன்று இடங்களை முதலில் பாருங்கள் என்பேன். முதலாவது மருந்தின் அளவு. மெத்தடோனை 60 மில்லிகிராமுக்குக் கீழேயே நிறுத்திவைத்தால் விலகிப்போகிறவர்கள் அதிகம் என்பது வெகுகாலமாகத் தெரிந்ததுதான். தெருவில், ஹெராயினைவிடப் பன்மடங்கு வீரியமான ஃபென்டனில் பரவிய பிறகு பலருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும்கூட வேண்டியிருக்கிறது. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் மரியாதைக்காரர் பதில் சொல்வார். அதை மருத்துவக் குறிப்பாக எழுதிவைக்காதீர்கள். நேற்று மாலை எத்தனை மணிக்கு உடம்பு இழுக்கத் தொடங்கியது, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது நேரம். கட்டட வேலை, தோட்ட வேலை, உணவகச் சமையலறை வேலை செய்பவருக்கு வேலைத்தளம் வாரத்துக்கு ஒருமுறை மாறும். அன்றாடம் வந்து வரிசையில் நில் என்பது அவரைப் பொறுத்தவரை, வேலையா மருந்தா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குச் சமம். வீட்டில் அவர் சம்பாத்தியத்தை நம்பி மூவர் இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவும் வேண்டுமா? 2024-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, தகுதியுள்ள நோயாளிக்கு முதல் இரண்டு வாரத்திலேயே 7 நாள் வரையிலும், 15-ஆம் நாளிலிருந்து 14 நாள் வரையிலும், 31-ஆம் நாளிலிருந்து 28 நாள் வரையிலும் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். பழைய பழக்கத்தை விடமுடியாத மையங்கள் இதை இன்னமும் நற்சான்றிதழுக்கான பரிசுபோல வைத்திருக்கின்றன. கேட்டால் கிடைக்கும் என்ற நிலை இருந்தால், கேட்கத் தெரிந்தவர்களுக்கே கிடைக்கும்; நீங்கள் பேசும் நோயாளிகள் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வெளியேற்றும் விதிகள். ஆலோசனைக் கூட்டத்துக்கு வராததற்காக மருந்தை நிறுத்துவதும், சிறுநீரில் போதைப்பொருள் தெரிந்ததற்காக வெளியே அனுப்புவதும் சரியல்ல என்றே அமெரிக்க அடிமைநோய் மருத்துவர் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அதிலும் ஸ்பானிய மொழிக் கூட்டமே நடத்தாமல், கூட்டத்துக்கு வரவில்லை என்று குற்றம் எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதில் நான் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, மெத்தடோன் சிகிச்சையில் உள்ள ஆயிரம் பேரை ஓராண்டு தொடர்ந்தால் ஏறத்தாழ 11 மரணங்களும், சிகிச்சையை விட்டு வெளியேறிய ஆயிரம் பேரைத் தொடர்ந்தால் 36 மரணங்களும் நிகழ்வதாகக் கணக்கிட்டது. வெளியேறிய பின் வரும் முதல் நான்கு வாரம் மிக மோசம். உடல் பழகியிருந்த தாங்குதிறன் இறங்கிவிட்டது என்பதை அறியாமல் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறார்கள். உங்கள் நோயாளி விழுந்தது மூன்றாவது வாரத்தில் என்பதைப் படித்ததும் எனக்கு வியப்பு ஏற்படவில்லை.


மறுமொழி 3
பதிவிட்டவர்: மருந்தகமேசை

சிறிய விஷயம்தான், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்பானிய முறையில் தந்தை குடும்பப்பெயர் முதலிலும் தாய் குடும்பப்பெயர் இரண்டாவதாகவும் வரும். நம் ஊழியர்கள் கடைசியில் உள்ளதைக் குடும்பப்பெயர் என்று எண்ணிப் பதிந்துவிடுவார்கள்; காப்பீட்டு அட்டையில் வேறொன்று இருக்கும். புப்ரெனோர்பின் சீட்டோடு வெள்ளிக்கிழமை மாலை வருகிறவருக்கு, கணினியில் பெயர் பொருந்தவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று பதில் கிடைக்கும். திங்கட்கிழமை அவர் வருவதில்லை. இதை நான் சொந்தக் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். பதியும்போதே இரண்டு பெயரையும் அட்டையில் உள்ளபடி எழுதிக்கொண்டால் முடிந்துவிடும் வேலை.

புவேர்ட்டோ ரிகோவிலிருந்து புதிதாக வந்தவராக இருந்தால், அந்தத் தீவில் இருந்த மெடிக்கெய்டு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இங்கே செல்லாது. மாநிலத்தில் புதிதாகப் பதிய வேண்டும். அந்த இடைவெளியில்தான் பலர் நழுவுகிறார்கள்.


மறுமொழி 4
பதிவிட்டவர்: வீடுவீடாக

சமூகப் பணியாளராக டெக்சாஸில் இருக்கிறேன். குடும்பத்தைப் பற்றி எவரும் எழுதவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. அந்தப் பயிற்சி வகுப்பை நானும் மெச்சமாட்டேன். ஆனால் குடும்பம் என்பது திரையில் வரும் சொல் அன்று. நோயாளி தனியாக முடிவெடுப்பவர் அல்லர். மனைவியோ தாயோ மூத்த சகோதரியோ, இந்த மருந்து ஒரு கெட்ட பழக்கத்தை இன்னொன்றால் மாற்றுவது மட்டுமே என்று நம்பினால், நீங்கள் சன்னலில் என்ன சொன்னாலும் வீட்டில் அது கரைந்துவிடும். 1968-இல் புவேர்ட்டோ ரிகோவில் தொடங்கப்பட்ட ஹோகார் க்ரேயா போன்ற இல்லங்கள், மருந்தில்லாமல் கட்டுப்பாட்டாலும் உழைப்பாலும் மனிதரை மாற்றுவது என்ற வழியைப் பரவலாக்கின. சுவிசேஷ சபைகளும் ஏறத்தாழ அதையே சொல்கின்றன. அந்தச் சூழலில் வளர்ந்த தாய்க்கு, ஆண்டுக்கணக்காக மருந்து குடிக்கும் மகன் இன்னும் மீளாதவன்தான். எங்கள் பகுதியில் ‘ப்ரோமோத்தோரா’ எனப்படும் சமூகநலத் தொண்டர்கள், பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள், வீட்டுக்கே போய்ச் சமையலறையில் உட்கார்ந்து இதை விளக்குகிறார்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுவதைப் போல என்ற ஒப்புமையை அவர்கள் சொன்னால் எடுபடுகிறது. நான் சொன்னால் பாடம் நடத்துவதாகிவிடுகிறது.

இன்னொன்று, அடையாள அட்டை. 2010-களில் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்த ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். புவேர்ட்டோ ரிகோவில் போதைக்கு ஆட்பட்டவர்களுக்கு, நல்ல சிகிச்சை கிடைக்கும் என்று சொல்லி ஒருவழிப் பயணச்சீட்டு கொடுத்து ஃபிலடெல்ஃபியா, சிக்காகோ போன்ற நகரங்களுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடம் உரிமம் இல்லாத நெரிசலான வீடு. சிலரிடம் அடையாள ஆவணங்களைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி ஓர் அனுபவம் உள்ளவரிடம் முதல் நாளே அட்டையை வாங்கி, நகலெடுக்க என்று உள்ளே கொண்டுபோனால் அவர் மனம் என்ன பாடுபடும்? அவர் கண் முன்னாலேயே நகலெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.


மறுமொழி 5
பதிவிட்டவர்: இருமொழியாளர்

குடும்பத்தை அழைப்பதில் எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. எங்களிடம் வந்த ஒரு பெண், தம் கணவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகும் வழியில் மருந்து குடித்துவந்தார். நல்ல எண்ணத்தோடு ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். அதோடு அந்தப் பெண் வரவில்லை. போதைச் சிகிச்சைக் குறிப்புகளுக்கென்றே மத்திய அரசின் தனி இரகசியக்காப்பு விதிகள் 1970-களிலிருந்து இருக்கின்றன. நோயாளியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் குடும்பத்தாரிடமும் பேச முடியாது. ஆகவே குடும்பத்தில் எவர் உங்களுக்குத் துணை, எவருக்குத் தெரியக் கூடாது என்ற இரண்டு கேள்விகளையும் முதல் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

புவேர்ட்டோ ரிகோவினர் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள் என்பதை ஊழியர்களே அறியாமல் குடியேற்றம் பற்றி விசாரித்து அவமதிப்பதைக் கண்டிருக்கிறேன். மற்றவர்களிடம், குறிப்பாக வீட்டில் எவரேனும் ஒருவருக்கு ஆவணம் இல்லாதவர்களிடம், எங்கள் குறிப்புகளை உங்கள் ஒப்புதலின்றித் தரமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். காப்பீட்டுத் துறை வைத்திருக்கும் தகவலுக்கும் சேர்த்து வாக்குறுதி தந்துவிடாதீர்கள். நம்மால் காக்க முடியாத வாக்கு பிறகு நம்மையே சுடும்.

நியூயார்க்கிலிருந்து வந்த மூத்தவர்கள் மெத்தடோனைச் சந்தேகிப்பதையும் அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 1970-இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில், புவேர்ட்டோ ரிகோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் இயக்கத்தினர் லிங்கன் மருத்துவமனைக்குள் புகுந்து போராடியே அங்கு நச்சுநீக்கப் பிரிவைத் தொடங்கவைத்தார்கள். மெத்தடோனை ஆண்டுக்கணக்கில் கொடுப்பது ஏழைகளை அடக்கிவைக்கும் வழி என்று வாதிட்டு, காதில் போடும் அக்குபங்சரை நாடினார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரிடம் அந்த மூத்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: அதிகாலைச்சன்னல்

எல்லோருக்கும் நன்றி. ‘ஏன் போனார் என்று கேட்டீர்களா’ என்ற கேள்வியைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை. அதனால் இந்த வாரம் அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன்.

பதினோராம் நாள் தொலைபேசி உரைபெயர்ப்பாளர் வழியாக ஆலோசகர் அவரோடு பேசியிருக்கிறார். குறிப்பில் இருக்கும் வரி இது: ‘தமக்கு மாலையிலும் குணம் வேண்டும் என்று நோயாளி கூறுகிறார், குணமடைவதில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்.’ அந்த வரியை ஒரு முறை படித்தேன், பிறகு மறுமொழி 1-ஐத் திறந்துவைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். அவர் ‘கூரா’ என்று சொல்லியிருக்கிறார். மாலையானால் ஒரு வேளை போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை என்பதைச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதை ஆர்வம் என்று எழுதிவைத்துவிட்டு, அன்றிலிருந்து எட்டு நாள் அவரை 45 மில்லிகிராமிலேயே வைத்திருந்தோம்.

நேற்று, எங்கள் மையத்தில் பதிவு மேசையில் இருக்கும் புவேர்ட்டோ ரிகோப் பெண்மணியை, நோயாளியின் சம்மதத்தோடு உடன் உட்காரவைத்து அவரிடம் பேசினோம். பேச்சு பத்து நிமிடம்தான். மாலை நான்கு மணிக்கெல்லாம் முழங்காலுக்குள் வலி தொடங்கிவிடும், கூரையிலிருந்து இறங்கவே பயமாக இருக்கும் என்றார். பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு வேலை இரண்டு ஊர் தள்ளிப் போய்விட்டது, காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவோம் என்பதே அவருக்குத் தெரியாது. அது பற்றிய தாள் அவர் கோப்பில், ஆங்கிலத்தில், கையெழுத்தோடு இருக்கிறது.

அவருக்கு அளவை ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். பூட்டுப்பெட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஒரு வார மருந்தைக் கொடுத்தனுப்புவதாக மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவர்களின் கோப்புகளில் ‘குணம்’ என்ற சொல் வரும் இடங்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு கிடைத்திருக்கின்றன.